ரஷ்ய மணிக்கும் அமெரிக்க மணிக்கும் நடுவில் ஒரு தாலி

போன வாரம் புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரருக்குக் கண்புரை. ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப்போகும் முன் நர்ஸ் பெண், "ஐயா, வாட்ச், மோதிரம் எல்லாத்தையும் கழட்டி அம்மாகிட்ட குடுத்துருங்க" என்றாள். மோதிரத்தைப் பேச்சில்லாமல் கழற்றினார். வாட்சுக்கு மட்டும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஆபரேஷன் கண்ணுலதானேம்மா? கை என்ன பண்ணிச்சு?"

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். நாற்பது வருஷத்துக்கு மேல் பழகிய பார்வை. கழற்றிக் கொடுத்துவிட்டார்.

உள்ளங்கையில் வாட்ச் சூடாக இருந்தது. இன்னமும் சாவி கொடுத்தால்தான் ஓடுகிற பழைய உள்ளூர் வாட்ச். வார் எத்தனையோ முறை மாற்றியாகிவிட்டது. ஆனாலும் எந்த வார் போட்டாலும் இரண்டு மாதத்தில் அதே வாசனை வந்துவிடும். வேர்வையும் தேங்காய் எண்ணெயும் கொஞ்சம் விபூதியும் கலந்த ஒரு வாசனை. எதிரே சுவரில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ரஷ்யா ஏதோ சொல்லிவிட்டதாம், அமெரிக்கா ஏதோ திருப்பிச் சொல்லிவிட்டதாம், யாரிடம் எத்தனை அணுகுண்டு என்று படம் போட்டுக் காட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர், "இதுங்க ரெண்டும் முட்டிக்கிட்டா பெட்ரோல் வெல ஏறிடும்மா" என்றார் கவலையாக.

எனக்குப் பெட்ரோல் ஞாபகம் வரவில்லை. கெட்டிமேளம்தான் ஞாபகம் வந்தது. ரஷ்யா, அமெரிக்கா என்று இரண்டு பெயரை யாராவது சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும், என் காதில் தவுல் அடிக்கும். ஏன் என்று சொல்கிறேன். ஆபரேஷன் முடிய எப்படியும் நேரமாகும்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. நான் கற்ற கல்வியெல்லாம் அங்கே காதில் மாட்டியிருந்த குழாய் வழியாக வந்ததுதான். வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்துவிட்டு இணைப்பு விழுந்ததா என்று சரிபார்க்கும் அந்த ஒரு கணத்தில் எவ்வளவு பழமொழி காதில் விழும் தெரியுமா? மணப்பாறை மாட்டு வியாபாரி ஒரு மாதிரி பேசுவார், பெரிய கடைவீதி ஜவுளிக்காரர் ஒரு மாதிரி பேசுவார். ஒட்டுக்கேட்பது தப்பு, ஆனால் காதுக்குக் கதவு இல்லையே.

அப்பா திருவெறும்பூரில் பெரிய தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டினார். சங்கத்தின் கிளைச் செயலாளர். ஊரில் எல்லோருக்கும் தோழர். எங்கள் வீட்டில் சாமி படங்கள் அம்மாவின் இலாகா; அவை சமையலறைச் சுவரோடு நின்றுவிடும். கூடத்துச் சுவர் முழுக்க அப்பாவின் இலாகா. மாஸ்கோவிலிருந்து வரும் வழவழப்பான பத்திரிகைப் படங்களை ஒட்டி வைத்திருப்பார்: கோதுமை வயல், டிராக்டர், டிராக்டர் மேல் சிரித்துக்கொண்டு ஒரு அம்மாள். அந்த அம்மாளை நான் வெகுநாள் அப்பா வழியில் ஏதோ அத்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாடப் புத்தகங்களுக்கெல்லாம் அந்தத் தாளில்தான் அட்டை. தண்ணீர் பட்டாலும் கிழியாது. "கொள்கை மாதிரி, பாத்தியா!" என்பார் அப்பா.

அப்பாவிடம் ஒரு ரஷ்ய வாட்ச் இருந்தது. மாஸ்கோ போய்வந்த ஒரு தோழர் கொடுத்தது. அம்மிக்கல்லுக்கு வார் மாட்டினது போல இருக்கும். அதை அப்பா மணி பார்க்க வைத்திருக்கவில்லை, வணங்க வைத்திருந்தார். தினம் சாயங்காலம் ரேடியோவில் மாஸ்கோவிலிருந்து தமிழ் ஒலிபரப்பு வரும். அது தொடங்கும் நேரத்துக்கு வாட்சைத் திருப்பி வைப்பார். கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நிலையம் சுலபத்தில் சிக்காது. கொர்ர் என்கும், சீழ்க்கை அடிக்கும், நடுவில் யாரோ சீனாக்காரர் பாடுவார். அப்பா முள்ளைத் திருகித் திருகி, ஒருவழியாகத் தமிழ்க் குரல் வந்ததும், அந்த நொடியில் வாட்சைத் திருப்பிவைத்து, "மாஸ்கோ டைம்!" என்பார். மாஸ்கோ ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. தோன்றினாலும், மாஸ்கோ இவருக்காகக் காத்திருந்தது என்றுதான் நினைத்திருப்பார்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது.

மாப்பிள்ளை பாங்கியில் குமாஸ்தா. அவருடைய அப்பா, அதாவது என் மாமனார், அம்மா மண்டபம் ரோட்டில் வீடு வைத்திருந்த ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையும் நானும் பேச ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் நைட் டியூட்டி வரும், விடிந்துதான் வீட்டுக்கு வருவேன், சம்மதமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வந்ததும் காப்பி குடிப்பீங்களா? எனக்கு நல்லா டிகாக்‌ஷன் போடத் தெரியும்" என்றார்.

அவ்வளவுதான். மனசுக்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஆண்பிள்ளை வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது, காவிரியில் கோடையில் வெள்ளம் வந்த மாதிரி. இந்த மனிதரை விட்டுவிடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு பண்ணிக்கொண்டேன்.

நான் உள்ளே இப்படி முடிவு பண்ணிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் என் வருங்கால மாமனார் பஜ்ஜியும் கையுமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிராக்டர் அம்மாளைப் பார்த்தார். கோதுமையைப் பார்த்தார். "ஏங்க, இவ்வளவு கோதும விளையுதுன்னு சொல்றாங்களே, அப்புறம் எதுக்கு அமெரிக்காகிட்ட கோதும வாங்குறாங்க?" என்றார்.

அப்பாவின் ஆட்காட்டி விரல் மெதுவாக எழுந்தது.

அந்த விரலைப் பற்றிச் சொல்லவேண்டும். தொழிற்சாலை வாசலில் சங்கத்தின் கேட் மீட்டிங்கில் பேசிப் பேசி வந்த பழக்கம். வாதம் என்று வந்தால் அப்பாவின் வலதுகை ஆட்காட்டி விரல் கொடிமரம் போல மேலே போய்விடும், போய் ஆடும். அது இறங்குவதற்குள் எதிராளி தோற்றிருக்கவேண்டும்.

மாமனாருக்கு அமெரிக்கப் பாசம் வந்த கதை வேறு. திருவெள்ளறைப் பக்கம் கோழி வளர்ப்புச் சொல்லித்தர ஒரு அமெரிக்க வாலிபன் வந்திருந்தானாம். அவன் மாமனார் வீட்டு மாடியில் இரண்டு வருஷம் குடியிருந்தான். திருவெள்ளறையில் கோழி வளர்ந்ததோ இல்லையோ, அவன் ரசம் குடித்து நன்றாக வளர்ந்துவிட்டான். ஊருக்குப் போகும்போது தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மாமனார் கையில் கட்டிவிட்டுப் போனான். அன்று முதல் அமெரிக்காவை யாராவது ஒரு சொல் சொன்னால், தன் வீட்டுப் பிள்ளையைச் சொன்னது போல மாமனாருக்குக் கோபம் வரும். அந்த வாட்சையும் அவர் வேண்டுமென்றே கொஞ்சம் முன்னால் ஓடவிட்டிருந்தார். "அமெரிக்காக்காரன் எதுலயும் ஒரு படி முன்னாலதாங்க இருப்பான்" என்பார்.

சரி, அன்று கூடத்தில் என்ன நடந்தது? வானத்துக்கு முதலில் ஆள் அனுப்பியது யார் என்று அப்பா கேட்டார். நிலாவில் கால் வைத்தது யார் என்று மாமனார் கேட்டார். அங்கே வேலையில்லாதவனே இல்லை என்றார் அப்பா. அங்கே வாயைத் திறந்தவனே இல்லை என்றார் மாமனார். கடைசியில் பேச்சு அணுகுண்டுக்கு வந்துவிட்டது. யாரிடம் இருக்கும் குண்டு உலகத்தை எத்தனை முறை அழிக்கும் என்று இருவரும் ஏலம் விட்டார்கள். காப்பி கொண்டுவந்த அம்மா கேட்டுக்கொண்டே நின்றாள்.

"ஏங்க, மொத தடவையே எல்லாரும் செத்துடுவோமே. ரெண்டாவது தடவ யாரக் கொல்லுவாங்க?"

இரண்டு வல்லரசுகளும் காப்பியை வாங்கிக்கொண்டார்கள்.

அன்று ராத்திரி அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "ஆடு பகை, குட்டி உறவாங்கற மாதிரி, உங்க சண்டையில என் பொண்ணு கல்யாணத்தக் கெடுத்துராதீங்க. பையன் தங்கமா இருக்கான்." அப்பாவுக்கும் பையனைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவது பெண் வீட்டு முறையாயிற்றே. ரஷ்ய வாட்ச்தான் போடுவேன் என்று நின்றார். செய்தி ஸ்ரீரங்கத்துக்குப் போனது. "என் பையன் கையில இரும்புத்திரை போட விடமாட்டேன்" என்று பதில் வந்தது. வேண்டுமானால் தன் அமெரிக்க வாட்சையே பையனுக்குக் கட்டிவிடுவதாகவும் சொல்லியனுப்பினார். அதற்கு அப்பா சொன்னதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் அம்மா பெரிய கடைவீதிக்குப் போய் நம் நாட்டில் செய்த வாட்ச் ஒன்றை வாங்கிவந்து நடுவில் வைத்தாள். இரண்டு பக்கமும் சம்மதம். அணிசேராக் கொள்கை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். சித்தப்பா மட்டும், "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு காலுன்னு சொல்லுவாங்க, இது அதுதானா?" என்றார்.

அந்தச் சித்தப்பாதான் நிச்சயதார்த்தத்தில் ஒப்பந்தம் போட்டவர். தட்டு மாற்றும் முன், "தாலி ஏறுற வரைக்கும் ரஷ்யா, அமெரிக்கா ரெண்டு பேரையும் யாரும் வாயால சொல்லக்கூடாது" என்று இரண்டு சம்பந்திகளையும் வெற்றிலையில் கை வைக்கச் சொன்னார். வைத்தார்கள். அப்புறம் இரண்டு மாதம் "அந்தப் பனி ஊரு" என்றும் "அந்த டாலர் ஊரு" என்றும் சண்டை போட்டார்கள்.

கல்யாணம் ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம், ஒரு திங்கட்கிழமை. ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபம். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரைக்குத் தொடங்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதற்குள் தாலி ஏறவேண்டும். விட்டால் ஆடி. ஆடி முழுக்கக் கல்யாணம் கிடையாது. ஆவணி வரைக்கும் இந்த இரண்டு பேரையும் சும்மா விட்டுவைத்தால் சம்பந்தம் மிஞ்சுமா? எனக்கு மிஞ்சும் என்று தோன்றவில்லை. டிகாக்‌ஷன் கைவிட்டுப் போய்விடும்.

காலையிலேயே ஒரு அபசகுனம் நடந்தது. அபசகுனம் என்று அம்மா சொன்னாள். அப்பா வாசலில் நின்று ஒரு தோழருக்கு விரலை உயர்த்தி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நாதஸ்வரக் கோஷ்டிக்கு அது போதாதா? கல்யாண வீட்டில் யாராவது பெரியவர் விரலை உயர்த்தி ஆட்டினால் கெட்டிமேளம் என்று அர்த்தம். தவுல்காரர் அடித்துத் தள்ளிவிட்டார். தூங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் தாலி கட்டியாகிவிட்டது என்று அரக்கப் பரக்க ஓடிவந்தார்கள். ஒரு அத்தை அட்சதைக்குப் பதில் கையிலிருந்த பல்பொடியைத் தூவிவிட்டாள். அதன் பிறகு அப்பாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டிருக்க என் தாய்மாமாவைப் போட்டார்கள். ஆயுதக் கட்டுப்பாடு.

மாலை, ஊஞ்சல், எல்லாம் முடிந்து மணையில் உட்கார்ந்தோம். ஐயர் மாங்கல்யத்தைத் தட்டில் வைத்துச் சபைக்கு ஆசீர்வாதத்துக்குச் சுற்ற அனுப்பினார். தட்டு திரும்பி வரக் கொஞ்சம் நேரமானது. வந்தது. ஐயர் அதை எடுக்கப் போனார்.

"நிறுத்துங்க" என்றார் மாமனார். கையை நீட்டி வாட்சைக் காட்டினார். "ஏழு முப்பத்தொண்ணு. ராகு காலம் வந்துருச்சு."

அப்பா தன் வாட்சைப் பார்த்தார். "என்னங்க சம்பந்தி, ஏழு இருவதுதான் ஆவுது. எனக்கு ராகு காலத்துல நம்பிக்கையே கிடையாது. ஆனா ராகு காலம் இன்னும் வரல."

"நம்பிக்கை இல்லாதவருக்கு அது எப்ப வரும்னு மட்டும் எப்படிங்க தெரியும்?"

"மாஸ்கோ டைம் தப்பாவாது!"

சொல்லிவிட்டார். தாலி ஏறும் முன் மாஸ்கோ பெயரைச் சொல்லிவிட்டார். சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். மாமனார் எழுந்து நின்றார். "அப்ப நானும் சொல்றேன். இது அமெரிக்க வாட்ச். நொடி தவறாது. ராகு காலத்துல என் பையன் தாலி கட்டமாட்டான். ஆவணியில பாத்துக்கலாம்."

நான் வாசலைப் பார்த்தேன். ஆடி மாதம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துகொண்டிருப்பது போல இருந்தது.

மண்டபத்தில் வேறு யாரிடமும் வாட்ச் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது. ஆனால் தொழிற்சாலைத் தோழர்கள் எல்லோரும் அப்பாவைப் பார்த்து மணி வைத்தவர்கள். கையைத் திருப்பிப் பார்த்து ஒரே குரலில் "ஏழு இருவது" என்றார்கள். மாமனாரின் பழைய மாணவர்கள் ஒரு வரிசை. அவர்களுக்கு வாத்தியார் சொன்னதுதான் மணி. சுவர்க் கடிகாரம் எந்தக் காலத்திலோ ஒன்பதே காலில் நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளை தன் புது வாட்சைப் பார்த்தார். அணிசேரா வாட்ச் பன்னிரண்டு என்றது. கட்டிவிட்டவர்கள் யாருமே அதற்குச் சாவி கொடுக்கவில்லை.

ஐயர் இடுப்பில் ஒரு கடிகாரம் வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டார். இரண்டு பக்கமும் தட்சிணை வாங்கவேண்டியவர். "ரெண்டு பேருமாச் சேந்து ஒரு மணியச் சொல்லுங்கோ, நான் மந்திரத்தைச் சொல்றேன். நேக்கு என்ன?" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். மாலைக்குள் முகம் வெளுத்துப்போயிருந்தது. "என்னங்க பண்றது?" என்றார் என்னைப் பார்த்து. அப்பாவைக் கேட்கவில்லை, ஐயரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. எழுந்துவிட்டேன்.

"ஐயையோ, மணையிலேருந்து பொண்ணு எழுந்திருச்சுப் போவுதே!" என்று ஒரு குரல். "யாரோட?" என்று இன்னொரு குரல். கூறைப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் போனது மேனேஜர் அறைக்கு. மணவறைக்கு நேர் எதிரே, திறந்த கதவோடு இருந்த அறை. மேஜை மேல் கறுப்பு டெலிபோன். டயலில் ஒரு குட்டிப் பூட்டு. அந்தக் காலத்தில் பொது இடத்து டெலிபோனுக்கெல்லாம் பூட்டுப் போட்டுத்தான் வைத்திருப்பார்கள். சாவி மேனேஜரிடம். மேனேஜர் வீட்டில் தூக்கத்தில்.

பூட்டுகிறவனுக்கு ஒரு வழி என்றால் எங்களுக்கு ஒன்பது வழி. டயலைச் சுற்ற முடியாவிட்டால் என்ன, ரிசீவரை வைக்கும் கட்டையை விரலால் தட்டினாலே நம்பர் போகும். மூன்றுக்கு மூன்று தட்டு, ஐந்துக்கு ஐந்து தட்டு, சைபருக்குப் பத்து. தாளம் தப்பினால் வேறு எங்கேயாவது போய் விழும். மருதாணிக் கையால் எக்ஸ்சேஞ்ச் நம்பரைத் தட்டினேன். முதல் தடவை ஒரு மரக்கடை எடுத்தது. "வச்சிருங்க அண்ணே, கல்யாணத்துல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி தட்டினேன்.

பிலோமினா எடுத்தாள். என் பக்கத்துப் பலகை ஆபரேட்டர், உயிர்த் தோழி. மார்னிங் டியூட்டி மாற்றித்தராததால் கல்யாணத்துக்கே வரமுடியாமல் போனவள்.

"ஏய், நீ எங்கேருந்துடி பேசுற? தாலி கட்டியாச்சா?"

"இல்லடி. மணி தெரியாம நிக்குது. சரியான மணி என்ன, சொல்லு."

அவள் திருப்பிக் கேட்டாள். "உனக்கு எத்தன மணிடி வேணும்?"

அவளைப் போல ஒரு சிநேகிதி எல்லோருக்கும் கிடைக்கவேண்டும். நான் பதில் சொல்வதற்குள் பின்னால் இரண்டு சம்பந்திகளும் வந்து நின்றுவிட்டார்கள். "பொண்ணு சொல்றது செல்லாது. நானே என் காதால கேக்கணும்" என்றார் மாமனார். "நானும் கேக்கணும்" என்றார் அப்பா. ரிசீவரை இரண்டு பேருக்கும் நடுவில் கொடுத்தேன். ஒருவர் வலது காதையும் ஒருவர் இடது காதையும் அதில் வைத்தார்கள். கன்னத்தோடு கன்னம். அப்பாவின் மீசை மாமனாரின் கண்ணாடியில் உரசியது. மாஸ்கோவும் வாஷிங்டனும் அப்படி ஒட்டி நின்றதை உலகத்தில் வேறு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். நான் மணைக்கு ஓடிவந்து உட்கார்ந்துகொண்டேன்.

திறந்த கதவு வழியாக இரண்டு முதுகும் நன்றாகத் தெரிந்தன. மண்டபமே அந்த முதுகுகளைப் பார்த்தது. ஐயர் தாலியை மாப்பிள்ளை கையில் கொடுத்து, "ரெடியா வச்சுக்கோங்கோ" என்றார். பிலோமினா அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, ஏதோ சொல்ல ஆரம்பித்திருக்கவேண்டும். அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. தாய்மாமா பிடித்துக்கொண்டிருந்த கை இப்போது யாரிடமும் இல்லை. மாமா மண்டபத்திலேயே நின்றுவிட்டார்.

"பாத்தீங்களா சம்பந்தி, நான் அப்பவே சொல்லல!"

விரல் மேலே போனது. போய் ஆடியது.

தவுல்காரர் காலையிலிருந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தவர். அடித்தார் பாருங்கள் ஒரு அடி! நாதஸ்வரம் பிளந்துகொண்டு கிளம்பியது. ஐயர் "மாங்கல்யம்" என்று ஆரம்பித்துவிட்டார். அவருக்கும் வேறு முகூர்த்தம் இருந்தது. பக்கத்திலிருந்தவர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. பாங்கி குமாஸ்தா அவ்வளவு வேகமாக ஒரு வேலையை முடித்து நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. மூன்று முடிச்சு. இந்தத் தடவை அத்தை அட்சதையே போட்டாள்.

சத்தம் அடங்கியபோது மேனேஜர் அறையில் இரண்டு பேரும் இன்னும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். மேளச் சத்தத்தில் மணி எத்தனை என்று இருவர் காதிலும் விழவில்லை. தாலி கட்டியதை இருவருமே பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்து, என் கழுத்தைப் பார்த்து, அப்பா மெல்ல விரலை இறக்கினார். மாமனார் வாட்சைப் பார்க்கப் போய், பார்க்காமல் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டார்.

"பந்திக்கு நேரமாச்சுங்க" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் வாழ்ந்த வருஷமெல்லாம் இதே வழக்குத்தான். கல்யாணம் நல்ல நேரத்தில் நடந்ததா, ராகு காலத்தில் நடந்ததா? அப்பா எக்ஸ்சேஞ்சுக்கே வந்து பிலோமினாவைக் கேட்டார். "நீங்க சொன்னதுதாம்ப்பா சரி" என்று சொல்லி அனுப்பினாள். அடுத்த வாரம் மாமனார் வந்தார். "நீங்க சொன்னதுதான் சார் சரி" என்றாள். இரண்டு பேரும் வெற்றியோடு வீட்டுக்குப் போனார்கள். எனக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை வந்தால் அது அமெரிக்க மணிப்படி நடந்த கல்யாணம். சமாதானம் ஆனால் ரஷ்ய மணிப்படி. நைட் டியூட்டி முடிந்து வந்தால் காப்பி மட்டும் எந்த மணிக்கும் தவறியதில்லை.

அப்புறம் ஒருநாள், உங்களுக்குத் தெரிந்ததுதான், அப்பாவின் ரஷ்யா துண்டு துண்டாகப் போனது. கூடத்துச் சுவரில் டிராக்டர் அம்மாள் மட்டும் பழையபடி சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா இரண்டு நாள் ஷேவ் பண்ணவில்லை. மூன்றாம் நாள் மாமனார் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துத் திருவெறும்பூர் வந்தார். ஜெயித்தவர் ஆடிக் காட்ட வருகிறார் என்று நினைத்தேன். அவர் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த காப்பியை வேண்டாம் என்று கையாட்டினார். துக்க வீட்டில் காப்பி குடிப்பதில்லை என்கிற மாதிரி.

அப்பாதான் முதலில் பேசினார். "என்ன சம்பந்தி, சந்தோசமா?"

"என்னத்தச் சந்தோசம்? இனிமே நான் யாருகூடப் பேசுறது?"

நல்ல கேள்வி. அதற்கு அப்புறம் மாமனார் அமெரிக்காவைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. ஒருநாள் ரிட்டயர்டு வாத்தியார்கள் கூட்டத்தில் யாரோ ரஷ்யாவை மட்டமாகச் சொன்னபோது, இவர் எழுந்து ஒரு விரலை உயர்த்தி ஆட்டினாராம். பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்.

இப்போது அந்தக் கறுப்பு டெலிபோன் இல்லை. அதற்குப் பூட்டும் இல்லை, பூட்டை ஏமாற்றும் தாளமும் யாருக்கும் வேண்டியதில்லை. எங்கள் ஆபரேட்டர் பலகைகளைக் கழற்றி எப்போதோ எடுத்துப் போய்விட்டார்கள். மாஸ்கோவின் தமிழ்க் குரல் நின்று வெகுகாலமாகிறது. அப்பாவும் இல்லை, மாமனாரும் இல்லை. பிலோமினா இருக்கிறாள், இதே புத்தூரில் மகள் வீட்டில். இன்றைக்குக் கேட்டாலும் மணியைச் சொல்லமாட்டாள். போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் மண்டபம் முழுக்கக் கையில் போன். எல்லா போனிலும் ஒரே மணி. திருவெறும்பூரிலும் ஸ்ரீரங்கத்திலும் மாஸ்கோக்காரன் கையிலும் அமெரிக்காக்காரன் கையிலும் ஒரு நொடி பிசகாத மணி. சண்டைக்கு மட்டும் குறைவில்லை, டி.வி.யில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். ஆனால் இரண்டு சம்பந்திகளின் கைகளுக்கு நடுவே அன்று ஒரு பத்து நிமிஷம் இருந்ததே, ஒருவருக்கு நல்ல நேரமாகவும் ஒருவருக்குக் கெட்ட நேரமாகவும் ஒரு பத்து நிமிஷம், அதை இப்போது எங்கே தேடுவது? எங்கள் கல்யாணம் அதற்குள்தான் நடந்தது.

ஆபரேஷன் முடிந்து அவரைச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண்ணால் முதலில் என் கையைத்தான் பார்த்தார், என்னை அப்புறம்தான். வாட்சை அவர் கையில் கட்டிவிட்டேன். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின பரபரப்பில் சாவி கொடுக்க மறந்திருக்கிறார், எப்போதோ நின்றுபோயிருந்தது.

"மணி என்னாச்சு?" என்றார்.

போன் என் பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை.

"உங்களுக்கு எத்தன மணிங்க வேணும்?" என்றேன்.